முந்நூற்றுப் பதின்மூன்றாவது பெயர்

ஜன்னல் தச்சர் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து இருநூறு முழம் தள்ளி, ஆற்றின் நடுவே, தானே செய்த படகில் பதினோரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். அவரைக் கரைக்குக் கொண்டுவர முடியாமல் போனதற்கு ஒரே காரணம், அந்தப் படகு என்ன வகை என்று யாருக்கும் தெரியாததுதான்.

ஆறு கடலைச் சேரும் அந்த இடத்தில் துடுப்பை நம்பி யாரும் கரை ஏற முடியாது. போவது சுலபம், தண்ணீரே இழுத்துக்கொண்டு போய்விடும். திரும்புவதற்குக் கரையிலிருந்து யாராவது படகை அதன் வகைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஓடத்தை ஓடம் என்றும் தோணியைத் தோணி என்றும் பரிசலைப் பரிசல் என்றும் கூப்பிட்டால், அது மூக்கைத் திருப்பிக்கொண்டு தானாக வந்துசேரும். பொதுவாகப் ‘படகு’ என்று கூப்பிட்டால் எதுவும் அசையாது. சந்தையில் நின்றுகொண்டு ‘ஏ மனுஷா’ என்று கத்தினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? இந்த வேலைக்கென்றே படகுத்துறையில் ஒருவர் இருந்தார். தகரப் புனலை வாயில் வைத்துக் கூப்பிடுவதால் அவருக்குப் புனல்காரர் என்று பெயர். பழைய பாட்டுகளில் புனல் என்றால் ஆறு என்று பள்ளி வாத்தியார் ஒருவர் சொன்ன நாளிலிருந்து அவருடைய நடையே கொஞ்சம் மாறிவிட்டது. அவருக்குப் பத்தொன்பது பெயர்கள் தெரியும். ஒருமுறை வெளிநாட்டுப் படகு ஒன்று மூன்று நாள் நடு ஆற்றில் நின்றது. அதில் இருந்த மூவரும் தொண்டை கிழிய ஏதோ கத்தினார்கள். வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்து, கரையில் நின்றவர்கள் கையை ஆட்டினார்கள். நான்காம் நாள் வெங்காயம் வாங்க இறங்கிய ஒரு கப்பல் சமையல்காரன் அதைப் பார்த்துச் ‘சம்பான்’ என்று கூப்பிட்ட உடனே அது வந்துவிட்டது. அந்த மூவரும் மூன்று நாளாகக் கத்தியதும் அதே சொல்தான் என்று பிறகு தெரிந்தது. மூன்று பலகை என்று அதற்கு அர்த்தமாம். எண்ணிப் பார்த்தால் ஐந்து பலகை இருந்தது. பெயர் என்று வந்துவிட்டால் எண்ணிக்கை பார்க்க முடியாது என்று புனல்காரர் தீர்ப்புச் சொல்லி, அதை இருபதாவதாகச் சேர்த்துக்கொண்டார்.

ஜன்னல் தச்சர் படகுத் தச்சர் இல்லை. ஊரில் பாதி வீடுகளின் ஜன்னல்கள் அவர் கையால் ஆனவை. அவருடைய மனைவி தையல்காரம்மா; முன் அறையில் மிஷின் போட்டுச் சட்டை, கால்சட்டை தைப்பவர். தையல்காரம்மாவின் அக்கா எதிர்க்கரையில் இருந்தார். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் அரை நாள் ஆகும், போய் உட்கார்ந்ததும் எழுந்து கிளம்ப வேண்டியதுதான். மனைவி அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துக்கொண்டதைக் கேட்டு, இருவரும் சேர்ந்து போக ஒரு படகு செய்வதென்று தச்சர் முடிவு செய்தார். யாரிடமும் கேட்கவில்லை, எந்தப் படகையும் பார்த்துச் செய்யவில்லை. தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். நான்கு சட்டம், மூலைக்கு மூலை துளையும் நாக்கும் கோத்த இணைப்பு, அடியில் கதவுக்குப் போடுவது போலப் பலகை. பார்க்க வந்த படகுத் தச்சர், “இது ஓடமும் இல்ல, தோணியும் இல்ல. மல்லாக்கப் போட்ட அலமாரி” என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பது நாள் அந்தக் கொல்லையில் சுத்தியல் சத்தமும் தையல்காரம்மாவின் குரலும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. ஏங்க, சாப்பாடு ஆறுது. ஏங்க, யாரோ வந்திருக்காங்க. ஏங்க, வெயில்ல நிக்காதீங்க. எல்லாம் சமையலறை ஜன்னல் வழியாக.

அந்த ஜன்னலுக்குத்தான் இரண்டு வருஷமாகக் கொக்கி இல்லை. காற்றடித்தால் படார் படார் என்று அடித்துக்கொள்ளும். நாற்பதாம் நாள், படகை ஆற்றில் இறக்குவதாக இருந்த காலையில், எதிர்பாராத மழை அந்த ஜன்னல் வழியாக உள்ளே புகுந்து, தேய்ப்பதற்காக அடுப்பு மேல் கொடியில் போட்டிருந்த பன்னிரண்டு பள்ளிச் சட்டைகளை நனைத்துவிட்டது. தையல்காரம்மா புடவை மாற்றி, அக்காவைப் பார்க்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

“ஊருக்கெல்லாம் ஜன்னல் போடுறீங்க. நம்ம வீட்டுக்கு ஒரு கொக்கி போட இந்த ரெண்டு வருஷத்துல நேரம் வரல” என்றார்.

நாற்பது நாள் உழைத்ததற்கு ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நின்றிருந்த மனுஷன் தச்சர். அதற்காக அவர் சொன்னதை நியாயப்படுத்த முடியாது. “உன் குரல் கேக்காத எடம் இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஆத்து நடுவுல” என்றார்.

தையல்காரம்மா நனைந்த சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து போட்டார். பிறகு, “சரி. இனிமே நான் கூப்பிடல” என்றார். தச்சர் படகைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் தள்ளி ஏறிக்கொண்டார். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடும் எண்ணம்தான் அவருக்கு.

சாப்பாட்டு நேரத்தில் புனல்காரர் தனக்குத் தெரிந்த இருபது பெயர்களையும் கூப்பிட்டுப் பார்த்தார். படகு அசையவில்லை. படகுத் தச்சர் சொன்னது நினைவுக்கு வந்து ‘அலமாரி’ என்று கூப்பிட்டார்கள். ஜன்னல், கதவு, பெட்டி, கட்டில், தொட்டி எல்லாம் கூப்பிட்டாயிற்று. தச்சர் குதித்து நீந்திப் பார்த்தார். எந்தப் பக்கம் நீந்தினாலும் கையில் தட்டுப்பட்டது தன் படகின் விளிம்புதான். வேறு படகில் போய் அழைத்துவரலாம் என்றால், இரண்டு துடுப்பு நீளத்துக்கு மேல் எந்தப் படகையும் தண்ணீர் நெருங்க விடவில்லை. கயிறு வீசினார்கள், கயிறு வந்தது. படகு நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு வாரம் துறை முழுக்கக் கூட்டமாக இருந்தது. பிறகு அவரவருக்கு அவரவர் வேலை.

இரண்டு துடுப்பு நீளம் என்பது ஒரு மூங்கில் கழிக்கு எட்டும் தூரம். தினமும் மதியம் புனல்காரர், தன்னைத் திரும்பக் கூப்பிடப் புனலைக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, தன் தோணியில் போய், கழி நுனியில் தூக்குப் பாத்திரத்தை மாட்டி நீட்டுவார். ஊர்க்காரர்கள் மரமும் அளவும் அதே வழியில் அனுப்பினார்கள், ஜன்னல்கள் அதே வழியில் திரும்பி வந்தன. ஆடும் படகில் உட்கார்ந்து செய்தும் அவருடைய ஜன்னல்கள் கோணியதில்லை. முதல் மாதமே, காலித் தூக்குப் பாத்திரத்துக்குள் ஒரு கொக்கி வந்தது. நல்ல பித்தளைக் கொக்கி, வளையத்தோடு. தையல்காரம்மா அதைத் துடைத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். பக்கத்துத் தெருத் தச்சர் ஒருவர், நான் வந்து மாட்டித் தரட்டுமா என்று கேட்டதற்கு, “மாட்ட வேண்டியவங்க வந்து மாட்டட்டும்” என்று சொல்லிவிட்டார். ஜன்னல் முன்பு போலவே அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஆற்றின் நடுவே நன்றாகக் கேட்டது என்று தச்சர் பின்னால் சொன்னார்.

அவர்களுக்கு ஒரு மகள். படகு போனபோது நான்கு வயது. தையல்காரம்மா கரையில் நிற்பார், கணவர் முகம் தெளிவாகத் தெரியும், பேசினால் கேட்கும். ஆனாலும் மகளைப் பார்த்துத்தான் பேசுவார். காய்ச்சல் விட்டுச்சான்னு கேளு. குளிருதுன்னா போர்வை அனுப்பறேன்னு சொல்லு. அதைக் கேட்டுவிட்ட தச்சரும், மகள் அதைத் திரும்பச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, விட்டுடுச்சுன்னு சொல்லு, குழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்னும் சொல்லு என்பார். மறுநாள் குழம்பு சரியாக இருக்கும். ஊரில் எல்லோருக்கும் இது வேடிக்கையாக இருந்தது. மகளுக்கு மட்டும் ஏழெட்டு வயதுக்குப் பிறகு அது வேடிக்கையாக இல்லை.

கூப்பிட மாட்டேன் என்று சொன்னாரே தவிர, கொண்டுவர மாட்டேன் என்று தையல்காரம்மா சொல்லவில்லை. படகின் பெயர் இங்கே யாருக்கும் தெரியாவிட்டால், வேறு எங்காவது யாருக்காவது தெரிந்திருக்கும் என்பது அவர் கணக்கு. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் மாலுமிகள் சட்டைப் பொத்தான் தைக்க அவரிடம்தான் வருவார்கள். கூலி வேண்டாம், உங்க ஊர்ல சின்னப் படகுக்கு என்ன பேரு சொல்லுங்க என்றார். ஒரு பொத்தானுக்கு ஒரு பெயர், கால்சட்டை பிரித்துத் தைத்தால் இரண்டு. சொன்னதை ஒரு நோட்டில் எழுதி, அன்றைக்கே துறைக்குப் போய்ப் புனலை வாங்கிக் கூப்பிட்டுவிடுவார். டிங்கி, பிரவு, பிரோக், கனோ, காயிக், கூஃபா, வாகா. பனி நாட்டிலிருந்து வந்த ஒரு தாடிக்காரன், தங்கள் பக்கத்தில் ஆண்கள் படகுக்குக் கயாக் என்றும் பெண்கள் படகுக்கு உமியாக் என்றும் பெயர் என்று சொன்னான். “ரெண்டு பேரும் சேர்ந்து போற படகுக்கு?” என்று தையல்காரம்மா கேட்டார். அவன் ரொம்ப நேரம் யோசித்தான். அதற்குப் பதில் சொல்ல முடியாத வருத்தத்தில், தைத்த சட்டையை வாங்காமலே போய்விட்டான்.

கூப்பிட்ட பெயர்கள் வீண்போகவில்லை, அதுதான் தொல்லையாகிவிட்டது. டிங்கி என்று கூப்பிட்டதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு டிங்கி ஆள் இல்லாமல் துறைக்கு வந்து நின்றது. கூஃபா வர நாற்பது நாள் ஆயிற்று. தார் பூசிய பெரிய கூடை, உள்ளே ஒரு ஆடு. கயாக் ஐந்து மாதம் கழித்து, விளிம்பில் பனிக்கட்டி உருகி முடியாமல் வந்தது. கட்டுமரம் என்று கூப்பிட்ட அன்று உள்ளூர்க் கட்டுமரங்கள் வந்தன. ஒரு வருஷம் சென்று, அந்தப் பெயர் எங்கெங்கோ சுற்றி யார் யார் வாயிலோ விழுந்து மாறியதன் பலனாக, கட்டப்படாத, மரமே இல்லாத, இரட்டை உடம்பு கொண்ட வெள்ளை வெளேரென்ற பாய்மரப் படகு ஒன்றும் வந்து, நானும்தான் என்பது போல நின்றது. கலம் என்று கூப்பிட்ட நாளில், அந்தச் சொல்லுக்குப் பாத்திரம் என்றும் பொருள் இருப்பதால், வீட்டில் இருந்த குடமும் சட்டிகளும் உருண்டு வாசற்படி வரை வந்துவிட்டன. நான்காம் வருஷத்தில் படகுத்துறையில் கால் வைக்க இடம் இல்லை. தூர தேசங்களிலிருந்து, எங்கள் படகைத் திருப்பி அனுப்புங்கள் என்று கடிதங்கள் வந்தன. புனல்காரர் மரியாதையாகப் பதில் எழுதினார்: போகச் சொல்லும் சொல்லை நீங்களே எழுதி அனுப்பினால் அனுப்பிவைக்கிறோம். உலகத்துப் படகுகள் எல்லாம் வந்தன. இருநூறு முழத்தில் நின்றது மட்டும் வரவில்லை. தையல்காரம்மா நோட்டில் அந்தந்தப் பெயரை அடித்துவிட்டு வீட்டுக்குப் போய் மிஷினில் உட்காருவார். கால் மிதிக்கும், கண்ணில் நீர் நிறைந்து ஊசி தெரியாது. தையல் அதனால் ஒருநாளும் கோணவில்லை, இவரும் தச்சர் மாதிரிதான்.

ஆறாம் வருஷம் ஒரு மாலை, தச்சர் மகளிடம், “அம்மாகிட்ட சொல்லும்மா. அன்னிக்கு நான் சொன்னது தப்புன்னு சொல்லு” என்றார். அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். பத்து வயது மகள் அதைத் திரும்பச் சொன்னாள். தையல்காரம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டு, “காதுல விழல. கிட்ட வந்து சொல்லச் சொல்லு” என்றார். அவரால் அதைவிட நன்றாகச் சொல்ல முடியவில்லை. தச்சர் தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்தது, புரிந்து என்ன செய்ய. அன்று இரவுச் சாப்பாட்டில் அவருக்குப் பிடித்தவை எல்லாம் இருந்தன.

பதினோராம் வருஷம் படகின் அடிப்பலகை உளுத்துப்போனது. கதவுக்குப் போடும் மரம்தானே, அத்தனை வருஷம் தாங்கியதே பெரிது. தூக்குப் பாத்திர மூடியால் தச்சர் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தார். முதலில் நாளுக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை. படகுத் தச்சர் இரண்டு துடுப்பு நீளம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, மழைக்காலத்தைத் தாண்டாது என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. படகு அடியில் போய்விட்டால், அதன் விளிம்புக்கே கொண்டுபோய் விடும் அந்தத் தண்ணீர் தச்சரையும் எங்கே கொண்டுபோகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தையல்காரம்மா மிஷினை மூடினார். நோட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. உச்சரிப்பில் பிழை இருந்திருக்கலாம் என்று முதலிலிருந்து ஒவ்வொன்றாக, நீட்டியும் குறுக்கியும், மூன்று நாள் கூப்பிட்டார். மூன்றாம் நாள் மாலை நோட்டும் முடிந்தது, குரலும் முடிந்தது. மகள் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவந்தாள். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

அன்று மதியம், சாப்பாட்டைத் தூக்குப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தபோது, பதின்மூன்று வருஷமாக அடித்துக்கொண்டிருந்த ஜன்னல் கீலோடு பெயர்ந்து உள்ளே சாய்ந்தது. தையல்காரம்மா இரண்டு கையாலும் சட்டத்தைத் தாங்கிப் பிடித்தார். நல்ல கனமான சட்டம், அவருக்குக் கை கொள்ளவில்லை. விட்டால் அடுப்பின் மேல் விழும். மகள் துறையில் இருந்தாள். அந்த நேரத்தில் அவர் சபதத்தையும் நினைக்கவில்லை, படகையும் நினைக்கவில்லை. கை வலித்தது, ஜன்னல் விழப்போகிறது, வீட்டில் ஜன்னல் வேலை தெரிந்தவர் ஒருவர் உண்டு, அவ்வளவுதான். பெயர்ந்த ஜன்னல் வழியாக, கிழிந்துபோன குரலில், “ஏங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க” என்றார்.

படகு திரும்பியது. மழைக்கு ஒதுங்கி நின்ற புனல்காரரும் மகளும் பார்த்தார்கள். துறைப் பக்கம் வராமல், வீட்டுக் கொல்லையைப் பார்த்து, தான் பிறந்த இடத்துக்கு நேராக, பாதி தண்ணீரோடு அது போனது. அதற்கு ஓடம் என்றோ தோணி என்றோ யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நாற்பது நாள் அதன் காதில் விழுந்த சொல் ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பெண்கள் அதே சொல்லால் கூப்பிட்டபோது ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கூப்பிட்டது அவரவர் வீட்டுக்காரரை. யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது படகுக்குத் தெரியாதா என்ன.

தச்சர் கரையில் கால் வைத்ததும் நிலம் ஆடுவது போல இருந்ததாம். கொல்லையைக் கடந்து, பின்வாசல் வழியாக உள்ளே வந்து, மனைவியின் கைக்கு மேலாகத் தன் கையைக் கொடுத்துச் சட்டத்தைப் பிடித்தார். அவர் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தலை நரைத்திருந்தது, இருவருக்கும். தையல்காரம்மா கையை எடுக்கவில்லை.

“அன்னிக்கு நான் சொன்னது தப்பு” என்றார் தச்சர், கிட்ட வந்து.

“ம்” என்றார் தையல்காரம்மா. பிறகு, “சோறு ஆறுது. முதல்ல இதை மாட்டுங்க.”

“கொக்கி எங்க?”

“அலமாரி மேல. வச்ச எடத்துலதான் இருக்கு.”

மகள் ஓடிவந்து வாசலில் நின்றபோது இருவரும் அழுதுகொண்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இனி இவர்களுக்கு நடுவில் தான் எதையும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்பது அவளுக்கு முதலில் தோன்றியது. திருப்புளியை எடுத்துக் கொடுத்தாள்.

துறைப் பதிவேட்டில் ‘படகின் வகை’ என்ற கட்டம் பதினோரு வருஷமாகக் காலியாக இருந்தது. புனல்காரர் அதில் ‘ஏங்க’ என்று எழுதினார். தையல்காரம்மாவும் நோட்டில் அதை முந்நூற்றுப் பதின்மூன்றாவதாக எழுதிக்கொண்டார், அதை மட்டும் அடிக்கவில்லை. அடிப்பலகை மாற்றிய பிறகு இருவரும் எதிர்க்கரைக்குப் போனார்கள். அக்கா, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். தையல்காரம்மா ஊர் திரும்பி, வந்து நின்ற படகுகளை ஒவ்வொன்றாகக் கும்பிட்டு, போய்ட்டு வாங்க என்றார். யாரும் எழுதி அனுப்பாத அந்தச் சொல்லைக் கேட்டு அவை எல்லாம் கிளம்பிப் போயின. ஆடு மட்டும் தங்கிவிட்டது.

மல்லாக்கப் போட்ட அலமாரி என்றவர்களே அது இத்தனை வருஷம் மிதந்ததைப் பார்த்து அதே மாதிரி செய்யக் கேட்டார்கள். இன்று அந்த ஆற்றில் பதினான்கு ஏங்கக்கள் ஓடுகின்றன. மாலுமிகள் அந்தப் பெயரைத் தங்கள் ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு துறைமுகத்தில் அது யெங்கா என்றும் இன்னொன்றில் எங்கி என்றும் வழங்குவதாகக் கேள்வி. சொற்களைத் தொகுக்கும் ஒரு பேராசிரியர் வந்து, இதன் வேர்ச்சொல் என்ன என்று தையல்காரம்மாவிடம் கேட்டார். அவர் வெட்கப்பட்டு, தெரியலீங்க என்று சொல்லிவிட்டார்.

ஒரு சங்கடம் மட்டும் உண்டு. வீட்டுக்காரர் ஏங்கவில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும்போது மனைவி ஏதோ நினைவில் கூப்பிட்டுவிட்டால், மீன் கிடைத்ததோ இல்லையோ, படகு அவரைக் கொண்டுவந்து கொல்லையில் விட்டுவிடுகிறது. அதனால் ஆற்றுக்குப் போகும் ஆண்கள், கிளம்பும்போது சமையலறை ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். கொக்கிகள் ஜன்னல் தச்சர் செய்து கொடுத்தவை, நன்றாகப் பொருந்துகின்றன. அவர் மட்டும் தன் வீட்டு ஜன்னலை நன்றாகத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி சுவரோடு கொக்கி போட்டுவிட்டுப் போகிறார்.